இஸ்தான்புல்லில் இருந்து சொன்ன பயணம்

புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்களில் நானும் என் மனைவி நஸீராவும் நாற்பத்து மூன்று வீடுகளில் பயணம் சொன்னோம். எங்கள் ஊரான நிந்தவூரில் தூரப் பயணம் போகிறவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சும்மா கிளம்பிவிட முடியாது. சொந்தக்காரர், அயலவர் வீடுகளுக்கு நேரில் போக வேண்டும். “பயணம் சொல்ல வந்தம். தெரிஞ்சும் தெரியாமலும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்குங்க” என்று பொறுப்புக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் “பொறுத்தம், போயிட்டு வாங்க, அல்லாட காவல்” என்று சொல்லி, பால் விடாத ஒரு பிளேன்டீ ஊற்றித் தருவார். அந்த மூன்று நாளில் நான் குடித்த பிளேன்டீயை வயலுக்குப் பாய்ச்சியிருந்தால் ஒரு வரம்பு நனைந்திருக்கும்.

வழமையாக இது ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்கள் செய்கிற காரியம். எங்கள் பயணம் இரண்டுமில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் வாய்க்காலும் மதகுமாக அலைந்துவிட்டு நான் ஓய்வு பெற்றேன். அதற்காகக் கத்தாரில் இருக்கும் மகன் இஸ்தான்புல்லுக்கு ஆறு நாள் டிக்கட் எடுத்து அனுப்பியிருந்தான். சிறுபோக வெட்டு முடிந்து, பெரும்போக விதைப்புத் தொடங்காத நேரம். ஊர் பார்க்கப் போகிறோம் என்றால் ஒருவருக்கும் விளங்கவில்லை. பாதிப்பேர் “கஃபாவக் கண்டா எங்களுக்கும் துஆச் செய்யுங்க” என்றார்கள். ஒரு மாமி என்னை ஏற இறங்கப் பார்த்து, “இந்த வயசில ஒங்கள என்ன வேலைக்கு எடுக்கிறானுகள்?” என்று கவலைப்பட்டார். “வேலைக்கில்ல மாமி, சும்மா பாக்கப் போறம்” என்றேன். “சும்மா பாக்கவா?” என்று கேட்டுவிட்டு அவர் பிளேன்டீக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

நாற்பத்து நான்காவது வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. அது எங்கள் வளவுக்கு அடுத்த வளவு, நஸீராவை ‘ராத்தா’ என்று கூப்பிடும் அவளுடைய ஒரே தங்கை ஜெமீலாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். இவர்களுடைய வாப்பா இரண்டு மகள்மாருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்து, நடு மதிலில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பும் விட்டுவைத்தார். கறிக் கோப்பையும் பிள்ளைகளும் அந்த வழியால்தான் போய்வந்தன. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் மகளுக்குக் கலியாணம் வந்தது. கலியாணத்தையும் எங்களூரில் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் நான் ஒரு பெரிய கெட்டித்தனம் செய்தேன். கலியாண அழைப்புக் காட்டைப் படமெடுத்து, நஸீராவின் கைப்பேசியில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே அமுக்கில் அனுப்பிவிட்டேன். அதில் ஜெமீலாவும் அகப்பட்டாள். நஸீராவோ, தங்கைதானே, அவளுக்குக் கடைசியில் சொல்லலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்தக் கடைசி வரவேயில்லை. ஜெமீலா கலியாணத்துக்கு வரவில்லை. அடுத்த வாரம் கடப்பைக் கல் வைத்து அடைத்தாள். அக்காவும் தங்கையும் அன்றோடு கதை இல்லை. காட்டை அனுப்பியது நான்தான் என்று நானும் அதுவரை ஜெமீலாவிடம் வாய் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வாய் திறக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பயணம் சொல்லித் திரிந்த மூன்று நாளும் மாலையானால் ஜெமீலாவின் வாசல் கேற்றடியில் லைட் எரிந்தது. மின்சாரத்தில் அவள் மகா சிக்கனக்காரி. “ஒன்ட தங்கச்சிக்கு இந்த மாசம் கரண்ட் பில் கூடப்போகுது” என்று நஸீராவைச் சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மாலை மஃரிபு தொழுததும் வாடகை வான் வந்தது. கொழும்புக்கு எட்டு மணித்தியாலம், விடியற்காலை விமானம், வழியில் ஓர் ஊரில் மாறல். செவ்வாய் பின்னேரம் இஸ்தான்புல்லில் இறங்கி, ஹோட்டல் கட்டிலில் செருப்பைக் கழற்ற மறந்து உறங்கிப்போனோம்.

புதன், காலை 5.25. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டு விழித்தேன். கண் திறக்குமுன் நான் நிந்தவூரில்தான் இருந்தேன். ஒரு பள்ளிவாசலில் குரல் எழும்பி அடங்க, மலைமேட்டில் இன்னொரு பள்ளி அதை வாங்கிச் சொல்ல, தூரத்தில் மூன்றாவது தொடங்கியது. யன்னலுக்கு வெளியே ஈய நிறத்தில் கூரைகள், அவற்றின்மேல் கடற்காகங்கள் நடந்து திரிந்தன. நஸீரா எனக்கு முன்பே எழும்பி, போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தாள்.

“இஞ்சேருங்க, ஜெமீலாக்குப் பயணம் சொல்லல்லயே” என்றாள்.

ஏழாயிரம் கிலோமீற்றரோ என்னவோ தாண்டி வந்த பிறகு ஞாபகம் வந்ததாக்கும் என்று வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

“ஊரெல்லாம் பொறுப்புக் கேட்டுட்டு, கூடப்பொறந்தவள்ட்ட மட்டும் கேக்காம வந்திரிக்கன். ஒரு மவுத்து ஹயாத்து எண்டு கண்ண மூடிட்டா?”

“இப்ப எடுத்துச் சொல்லன் புள்ள. போன் இரிக்கிதானே.”

“போன்லயா? போன்ல வந்ததாலதானே இவ்வளவும்!”

நான் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போனேன்.

8.15. காலைச் சாப்பாட்டு மேசையில் ஒலிவ் காய், வெண்ணெய்க்கட்டி, வெள்ளரி, தக்காளி, தேன், எள்ளுத் தூவிய வளைய ரொட்டி. உறைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. நஸீரா கைப்பையிலிருந்து மாசிச் சம்பல் போத்தலை எடுத்தாள். வரவேற்பு மேசையில் நிற்கும் எம்ரே என்ற இளம்பையன் எட்டிப் பார்த்து, அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஒரு சொட்டு ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். கண்ணில் நீர் வர, நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னான். பிறகு நகரப்படம் ஒன்றை விரித்து, நீலப் பள்ளி, நிலத்தடி நீர்த்தொட்டி, ஆயாசோபியா, பின்னேரம் படகு என்று வரிசையாக வட்டம் போட்டுத் தந்தான். நாங்கள் தங்கிய சிர்கெஜியில் இருந்து நீலப் பள்ளிக்கு ஒரு கிலோமீற்றர் ஏற்றம். டிராமுக்கு ஆளுக்கு இருபது லீரா. ஒரு லீரா அப்போது நம் ஒன்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாங்கள் நடந்தோம்.

9.30. நீலப் பள்ளியின் முற்றத்தில் நின்றபோது எனக்கு உண்மையாகவே கால் நிலத்தில் படவில்லை. குவிமாடத்துக்குக் கீழே குவிமாடமாக அது இறங்கி வருகிறது. ஆறு மினாராக்களையும் ஒரே பார்வையில் பிடிக்கத் தலையைப் பின்னால் சாய்த்து இரண்டடி வைத்தேன், பின்னால் நின்ற கொரியாக்காரர் ஒருவர் என்னைத் தாங்கிப் பிடித்தார். உள்ளே சுவரெல்லாம் பதித்த ஓடுகளில் பூக்கள். நீலம், பச்சை, நடுவில் மிளகாய்ச் சிவப்பு. மேலே இருந்த கண்ணாடி யன்னல்களால் வந்த வெளிச்சம் கீழே வரும்போது மெதுவாகி, ஆட்களின் தோளில் இருந்தது. அங்கே பேசுகிறவர்கள்கூட உறக்கத்தில் பேசுகிறவர்கள் போலிருந்தார்கள்.

நஸீரா கம்பளத்தில் இருந்து ஒரே ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெமீலா தையல்காரி. “இந்தப் பூவ அவள் கண்டா இரிக்க உடமாட்டாள். துணியில போட்டுப் பாப்பாள்” என்றாள். படமெடுக்கக் கைப்பேசியை எடுத்தவள், யாருக்கு அனுப்புவது என்று யோசித்தோ என்னவோ, எடுக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

11.10. நீர்த்தொட்டிக்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் லீரா. நுழைவுச்சீட்டு வாங்கும்போது மனம் உறுத்தியது. ஐம்பது படி கீழே இறங்கியதும் உறுத்தல் போய்விட்டது. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் அரசர்கள் நகரத்துக்குக் கட்டிய குளம் அது. ஆனால் வானத்தைக் காணாத குளம். முந்நூற்று முப்பத்தாறு கல்தூண்கள் கூரையைத் தாங்கி நிற்க, அவற்றின் காலடியில் தண்ணீர். விளக்குகள் செம்மஞ்சளில் இருந்து பச்சைக்கும், பச்சையில் இருந்து இருட்டுக்கும் மாறிக்கொண்டேயிருந்தன. எங்கோ ஒரு சொட்டு விழுந்தால் அந்தச் சத்தம் தூண் தூணாக நடந்து போனது.

தொழில் புத்தி விடுமா? மதகு எங்கே, தண்ணீர் எந்த வழியால் வந்தது, மிஞ்சிய நீர் வான் பாய எங்கே இடம் விட்டார்கள் என்று குனிந்து குனிந்து தேடினேன். எங்கள் குளங்களில் வேலை செய்த காலத்தில் இப்படி ஒரு தூணுக்கு மதிப்பீடு அனுப்பியிருந்தால் மேலதிகாரி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். இதை நஸீராவிடம் சொல்லித் திரும்பினால் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்து நிற்கிறாள்.

“கனாவுக்குள்ள நடக்கிற மாதிரி இரிக்கி. நான் இன்னும் ஊர உட்டு வெளிக்கிடல்ல போல” என்றாள்.

“கால் நோவு உனக்கு. அதான்.”

“கால் இல்லங்க.”

எனக்கும் தெரியும் அது கால் இல்லை என்று.

1.00. ஆயாசோபியாவுக்கு இரண்டு வாசல். சுற்றுலாக்காரர்கள் சீட்டு எடுத்து மேல்மாடத்துக்குப் போகிறார்கள், தொழ வருகிறவர்களுக்குக் கீழ்த்தளம், அதற்குச் சீட்டு இல்லை. காவலர் எங்களைப் பார்த்து “நமாஸ்?” என்றார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு சொல்லில் நாங்கள் சுற்றுலாக்காரர்கள் என்பதிலிருந்து கழன்று உள்ளே போனோம். அதற்குச் சற்று முன்னர்தான் நீலப் பள்ளியும் இதுவும் ஒன்றுக்கொன்று முகம் பார்த்துப் பாங்கு சொல்லி முடித்திருந்தன. ஒன்று ஒரு வரி சொல்லி நிற்கும். மற்றது அதற்கு மறுமொழி சொல்லும். இடையில் இருந்த பூங்காவில் பூனைகள்கூட அசையாமல் கேட்டன.

தொழுகை முடிந்து வெளியே வந்து அரை மணித்தியாலம் நின்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து நஸீரா கடைசி ஆளாக வந்தாள். கண் சிவந்திருந்தது.

“நிந்தவூர் முழுக்கத் துஆக் கேட்டு முடிச்சாச்சா?” என்றேன்.

“எல்லார்ட பேரும் சொல்லிக் கேட்டன். அவள்ட பேருக்கு வந்தா வாய் வருகுதில்ல. பொறுப்புக் கேக்காம துஆ மட்டும் கேட்டா என்ன பிரயோசனம்?”

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே நின்று அடுத்த வளவு மதிலைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்ற கோபம். கொஞ்சத் தூரம் அவளுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தேன். கோபம் அவள்மீது இல்லை என்று வறுத்த கெஸ்தானே விற்கும் ஒரு வண்டியைத் தாண்டும்போது விளங்கியது. அனலில் வெடித்த அந்தக் கொட்டைகளில் ஒரு பை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். என்னால் முடிந்த மாப்பு அப்போது அவ்வளவுதான்.

4.30. எமினோனு துறையில் அஸர் தொழுதுவிட்டுப் பாலத்துக்குப் போனோம். பாலத்தின் நீளத்துக்கும் தூண்டில்காரர்கள். நூறு கம்புகள் ஒன்றாக வளைந்து நிற்க, கீழே கப்பல்கள் போகின்றன. ஒருவருடைய வாளியை எட்டிப் பார்த்த நஸீரா, “இந்தச் சின்னக் கீரி மீனுக்கா இவ்வளவு பாடு?” என்றாள். அன்று அவள் பகிடி விட்டது அது ஒன்றுதான். மீன் வைத்த ரொட்டி ஒன்று வாங்கிப் பாதி பாதியாகத் தின்றோம். அவள் மூன்று தரம் கைப்பேசியை எடுத்து, மூன்று தரமும் வைத்தாள். ஊரில் இப்போது நேரம் எத்தனை என்று கேட்டாள். இரண்டரை மணித்தியாலம் கூட என்றேன்.

5.55. உஸ்குதார் போகும் படகில் ஏறினோம். கட்டணம் ஆளுக்கு இருபத்தைந்து லீரா, ஓட்டம் இருபது நிமிடம். நாங்கள் ஏறிய கரை ஐரோப்பா, இறங்கப்போகும் கரை ஆசியா. “இருவது நிமிசத்தில நம்மட கண்டத்துக்குப் போயிடலாம்” என்றேன். மேல்தட்டில் மரவாங்கு. நஸீராவுக்குப் பக்கத்தில் தலைக்குப் பூப்போட்ட துணி கட்டிய துருக்கியப் பெண் ஒருவர். படகு விலகியதும் கடற்காகங்கள் கூடவே பறந்தன. ஆட்கள் ரொட்டி பிய்த்து எறிய, அவை காற்றிலேயே ஏந்தின. பின்னால் நாங்கள் பகலெல்லாம் நடந்த மேடு, குவிமாடங்களோடும் மினாராக்களோடும் பொன்மஞ்சளில் கரைந்துகொண்டிருந்தது. தேநீர்க்காரர் தட்டோடு வந்தார். இடுப்புச் சிறுத்த சின்னக் கிளாஸ், இருபது லீரா. நான் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். இந்தப் படகு கரை சேராமல் இப்படியே போனால் நல்லது என்று நினைத்தேன்.

நஸீரா கைப்பேசியை என் மடியில் வைத்தாள்.

“நீங்க எடுங்க.”

“நானா? தங்கச்சி உனக்கு.”

“காட்ட அனுப்பினது நீங்கதானே. நாலு வருசமா நான் ஒண்டும் சொல்லல்ல.”

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் அதை இப்படிப் பொத்தி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் எண்ணை அமுக்கினேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

“ஸலாம் ஜெமீலா. நான் மச்சான் கதைக்கிறன்.”

“வஅலைக்கும் ஸலாம். சொல்லுங்க.” குரலில் வெப்பமும் இல்லை, குளிரும் இல்லை.

“அந்தக் கலியாணக் காட்ட அனுப்பினது நான். ராத்தா இல்ல. அவ நேர்ல வரத்தான் இருந்தா.”

மறுபக்கம் தையல் மெஷின் ஓடி நின்றது.

“அது எனக்குத் தெரியும் மச்சான். ராத்தாக்கு அப்ப வாட்சப் அனுப்பத் தெரியுமா?”

“தெரிஞ்சும் ஏன் கோவிச்ச?”

“காட்டுக்கு நான் கோவிக்கல்ல. கேற்றடிக்கு ஒரு எட்டு. அத ராத்தா வைக்கல்ல. அதுக்குத்தான்.”

நஸீரா என் கையிலிருந்து கைப்பேசியைப் பறித்தாள். “புள்ள, நான் பயணம் சொல்லாம வந்திட்டன்” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. பக்கத்துத் துருக்கியப் பெண் கைப்பையைத் திறந்து சிறு போத்தல் ஒன்றை எடுத்து, நஸீராவின் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன் ஊற்றி, முகத்தில் பூசிக்கொள் என்று சைகை காட்டினார். நஸீரா சொன்னபடி செய்தாள்.

“ராத்தா, அழாதீங்க. வீடியோவப் போடுங்க” என்றாள் ஜெமீலா.

போட்டோம். இஸ்தான்புல்லையும், கடலையும், கடற்காகங்களையும் காட்டலாம் என்று நான் கைப்பேசியை வெளியே திருப்பினேன். ஜெமீலா அதை ஒன்றும் பார்க்கவில்லை. “அந்தப் பக்கத்துப் பொம்புள யாரு?” என்றாள். “தெரியா” என்றாள் நஸீரா. அந்தப் பெண் திரைக்குக் கை காட்டினார். ஜெமீலாவும் காட்டினாள். பிறகு அவள் வீட்டைவிட்டு இறங்கி முற்றத்தால் நடந்தாள், படம் குலுங்கியது. இருட்டு. அதன் நடுவில் ஒரு மஞ்சள் வெளிச்சம். அவளுடைய கேற்.

“இந்தா பாருங்க. நீங்க ஊடு ஊடாப் பயணம் சொல்லத் தொடங்கின நாள்ள இரிந்து எரியுது. இருட்டில கேற்றடியில கல்லுத் தடுக்கி உழுந்திடுவீங்க எண்டு போட்டன். மூணு நாளும் வெளிய நிண்டன். வான் போற சத்தம் கேட்டும் அணைக்க மனம் வரல்ல.”

கரண்ட் பில் என்று நான் சொன்ன பகிடி என் காதுக்குள் திரும்ப வந்தது. தேநீர்க் கிளாஸை வைக்க இடம் தேடினேன்.

நஸீரா எழும்பி நின்றாள். படகு ஆடியது, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று வீடுகளில் சொன்னதை அப்படியே சொன்னாள்: “பயணம் சொல்ல வந்தன். தெரிஞ்சும் தெரியாமலும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்க.”

“பயணத்துக்குப் பொறுத்தன். போயிட்டு வாங்க, அல்லாட காவல்” என்றாள் ஜெமீலா. “கலியாணத்துக்குச் சொல்லாதத்துக்குப் போன்ல மாப்பு இல்ல. அத இந்தக் கேற்றடியில வந்து நிண்டு சொல்லுங்க. அதுவரைக்கும் லைட்ட அணைக்க மாட்டன். பில்ல மச்சான் கட்டட்டும்.”

“கட்டுறன்” என்று கத்தினேன். படகு கரை தட்டியது.

7.00. உஸ்குதார் கரையில் தண்ணீர் வரை இறங்கும் படிகள். தேநீர்க் கடைக்காரர்கள் அவற்றில் மெத்தை விரித்து வைத்திருந்தார்கள். எதிர்க்கரையில் சூரியன் பழைய நகரத்துக்குப் பின்னால் இறங்கி, மினாராக்கள் மட்டும் கறுப்பாக மிஞ்சின. பிறகு அங்கே விளக்குகள் வந்தன. நஸீரா செருப்பைக் கழற்றிக் கீழ்ப் படியில் இருந்தாள். முகத்தில் இன்னும் எலுமிச்சை வாசம்.

“இஞ்சேருங்க, அந்த நீலப் பள்ளியில எத்தின மினாரா?”

“ஆறு.”

“நான் எண்ணல்ல. அந்தத் தண்ணிக்குள்ள நிண்ட தூணையும் சரியாப் பாக்கல்ல. நாளைக்கு எல்லாத்தையும் முதல்ல இரிந்து காட்டுங்க.”

இஸ்தான்புல்லில் எங்கள் முதல் நாள் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். எனக்கு அது முதல் நாள்தான். நஸீராவுக்கு இல்லை. மாலை ஆறேகால் மணிவரை அவள் நிந்தவூரில், அடுத்த வளவின் கேற்றடியில், உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.